எந்தக் கண் என்று அம்மா கேட்டாள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. பனிப்புயல் எங்கள் ஊரை இரண்டு நாள் பூட்டி வைத்ததே, அந்த முதல் ராத்திரி. கதை விடுகிறாள் என்று நினைக்கிறவர்கள் இப்போதே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மணி ஒன்று பத்து. கதவைச் சாத்தியிருக்கிறேன். விளக்கு எரிகிறது. நடைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அறை. அங்கேயும் விளக்கு எரிகிறது. கதவிடுக்கில் தெரிகிறது.

என் பெயர் மேரன். வயது பதினாறு. பேய் என்றால் எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த எட்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு. அன்று ராத்திரி கதவுக் கண்ணாடிக்கு வெளியே என் அம்மா நின்றாளா, இல்லையா? அந்த ஒரு கேள்விதான். நிற்கவில்லை என்றால் எல்லாமே மருந்து செய்த வேலை. நின்றாள் என்றால்...

வேண்டாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்துக்கே இருப்பது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவள் என் அம்மா ஜனெல் ஒருத்திதான். டாக்டர் இல்லை. அதற்கென்றே தனியாகப் படித்த நர்ஸ். சின்ன ஊர்களில் அப்படித்தான். அம்மாவுக்கு லீவு வேண்டுமென்றால் மைனாட் நகரத்திலிருந்து, அதே வேலை பார்க்கும் வேட் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் பொய் சொல்ல மாட்டாள். ஊசி போடும்போது யாரிடமும் 'வலிக்காது' என்று சொன்னதே கிடையாது. 'வலிக்கும், ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும்' என்பாள். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் நாய் செத்தது. மற்ற வீடுகளில் 'பெரிய பண்ணைக்கு அனுப்பிட்டோம், அங்க சந்தோஷமா ஓடிட்டிருக்கு' என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். அம்மா என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, 'செத்துப் போச்சு மேரன்' என்றாள். அன்றிலிருந்து அவள் என்ன சொன்னாலும் நம்புவேன். எனக்கு அப்பா கிடையாது. நம்புவதற்கு வேறு ஆளும் கிடையாது.

அந்த வியாழக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றி வலித்தது. மத்தியானத்துக்குள் வலி வலது பக்கம் இறங்கிவிட்டது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்தபோது கத்திவிட்டேன்.

"குடல்வால்," என்றாள். "கோட்டை மாட்டு."

நெடுஞ்சாலையின் தடுப்புக் கதவுகளை இறக்கிவிட்டார்கள். ஹெலிகாப்டர் பறக்கவில்லை. மாதம் இரண்டு முறை வந்து போகும் சர்ஜன் நல்ல வேளையாக ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். மயக்க மருந்துக்குத்தான் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் என் அம்மா.

சொந்தப் பிள்ளைக்குத் தானே மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. அது அவர்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அம்மா என் கட்டில் பக்கத்திலேயே நின்று ஸ்பீக்கரில் வேட்டோடு பேசினாள்.

"ஜனெல், இது கூடாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"தெரியும். அப்ப நீ வா. பனியை உழுதுகிட்டு வா."

"இங்க வண்டிக் கதவே திறக்க மாட்டேங்குது."

"அப்ப வாயை மூடிகிட்டு வாழ்த்து சொல்லு."

வேட் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் அம்மா என் நெற்றியில் கை வைத்தாள்.

"நடுங்குற."

"குளிருதும்மா."

"பொய். பயம்."

"சரி, பயம்."

"இங்க பாரு. எழுந்திருக்கும்போது வாய் காஞ்சு போயிருக்கும். பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கும். நான் போடுற ஒரு மருந்து எச்சிலை நிறுத்திரும். இதயம் சோம்பேறித்தனம் பண்ணாம பாத்துக்கும். அதுக்கு விலை இந்த வறட்சி. தண்ணி கேப்ப. தர மாட்டாங்க. யாரையும் திட்டாத."

"உன்னைத் திட்டலாமா?"

"என்னைத் திட்டலாம்."

"நீ எங்க இருப்ப?"

"உன் தலைமாட்டுல. அப்புறம் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு. விடியுற வரைக்கும்."

"நகர மாட்டியே?"

"நகர மாட்டேன்."

அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. கை நரம்பில் ஜில்லென்று ஏதோ ஏறியது.

முதலில் கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் சாயங்காலம் ஆறே கால். ஜன்னலில் இருட்டு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன இடத்தில் இருந்தாள். நாற்காலியில், மடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "குடல்வால் போயே போச்சு," என்றாள். நான் மறுபடி தூங்கிவிட்டேன்.

எட்டு மணிக்கு ஒரு தடவை விழித்தேன். நன்றாகத் தெளிந்திருந்தது. ஸ்கூல் நாளைக்கும் லீவா என்று கேட்டேன். பத்தரைக்கு அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசினேன். வலி இருந்தது. பயம் இல்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் மயக்கத்தில் இருந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அடுத்து விழித்தது ஒன்று நாற்பதுக்கு.

நாற்காலி காலி.

அம்மாவின் கோட்டு மட்டும் அதன் மேல் கிடந்தது. காற்று சுவரை உதைத்துக்கொண்டிருந்தது. என் தலைக்குமேல் மெஷின் பீப்... பீப்... என்றது. அறையில் மூன்று கட்டில்கள், நான் மட்டும்தான். ராத்திரிக்கு வார்டில் ஒரே ஒரு நர்ஸ். அவளையும் எமர்ஜென்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நடையில் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது.

க்ர்ச்... க்ர்ச்... க்ர்ச்...

அந்தச் சத்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறைந்த பனியில் பூட்ஸ் போட்டு நடக்கும் சத்தம். வெளியே கேட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அது நடையில் கேட்டது. வழுவழுப்பான ஆஸ்பத்திரித் தரையில்.

ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். பச்சை உடுப்பு, அதன் மேல் பின்னிய ஸ்வெட்டர். நாற்பது வயது இருக்கும். நல்ல முகம்தான். நிம்மதியாக மூச்சு விட்டேன். காலைப் பார்த்தேன். வெளியே போடும் பூட்ஸ். அங்கே யாரும் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வர மாட்டார்கள். வாசலிலேயே மாற்றிவிடுவார்கள். சரி, அவசரமாக வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தோளில் பனி இருந்தது. அறை கதகதப்பாக இருந்தது. அந்தப் பனி உருகவில்லை.

"தண்ணி..." என்றேன்.

"குடிக்கக் கூடாதும்மா. நனைச்சு விடுறேன்."

நுனியில் பஞ்சு வைத்த குச்சி ஒன்றை வாயில் விட்டாள். பல் கூசியது. அவ்வளவு குளிர். ஆனால் ஈரம் இல்லை. துளிக்கூட இல்லை. வாய் முன்பைவிட அதிகமாகக் காய்ந்தது.

"ஜனெல் பொண்ணுதானே நீ? அப்ப இத்தனூண்டு இருந்த."

"அம்மா எங்க?"

அவள் போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டு மேலேயே உட்கார்ந்தாள்.

கோட்டு அமுங்கவில்லை.

"தலை வலிக்குது," என்றாள். வலது பக்கப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். "போகவே மாட்டேங்குது. விளக்கு வேற கூசுது." கட்டில் விளக்கின் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "ஏம்மா, என் கண்ணைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?"

பார்த்தேன்.

இடது கண் நீலம். நடுவில் சின்னதாய்க் கறுப்புப் புள்ளி. எல்லோருக்கும் இருக்கிற மாதிரி.

வலது கண்ணில் நீலமே இல்லை. முழுக்கக் கறுப்பு.

"இல்ல..." என்றேன்.

"இல்லையா?"

"வலது கண்ணு... பெருசா இருக்கு."

"இன்னுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஏமாந்து போனவள் குரலில் கேட்டாள். நாற்காலியை இழுக்காமலே இன்னும் பக்கத்தில் வந்துவிட்டாள். எப்படி என்று தெரியாது. கடிகாரம் ஒன்று ஐம்பத்திரண்டு.

கூப்பிடும் பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். யாரும் வரவில்லை.

"நல்லாப் பாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

"இல்ல..."

"அவ ஒண்ணுமில்லனு சொன்னாளே. தூங்கி எழுந்தா சரியாயிரும்னு சொன்னாளே."

"யாரு?"

அவள் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கதவின் மேல் பாதி கண்ணாடி. அதற்கு வெளியே என் அம்மா.

கையில் காபிக் கப். ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருப்பவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னை.

நான் கூப்பிட்டேன். கூப்பிட நினைத்தேன். வாயில் எச்சில் இல்லை. நாக்கு பிரியவில்லை. 'அம்மா' என்கிற சொல் தொண்டைக்குள்ளேயே கிழிந்துபோனது.

அம்மாவின் கை கதவுப் பிடியில் இருந்தது.

அது பிடியை விட்டது.

அம்மா திரும்பினாள்.

நடந்து போனாள்.

ஓடவில்லை... ஆள் கூப்பிடவில்லை... நடந்து போனாள்.

பீப்... பீப்... பீப்...

நாற்காலியில் இருந்தவளின் முகம் என் முகத்துக்கு நேர் மேலே வந்தது.

அந்தக் கறுப்பு...

மூச்சு இல்லை. குளிர் மட்டும்.

"மறுபடி பாரு."

பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

பொய்தான் சொன்னேன். வேறு என்ன செய்வது? "ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு. ஒண்ணுமில்ல."

அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

"போலாம்."

"வண்டி ஓட்டலாமா?"

"ம்..."

க்ர்ச்... க்ர்ச்... க்ர்ச்... நடையில் சத்தம் தேய்ந்து போனது. எங்கேயோ தூரத்தில் கார் கதவு ஒன்று டப்பென்று சாத்திய மாதிரி இருந்தது. அந்தப் புயலில் எவன் காரை எடுப்பான்?

கண்ணை மூடிக்கொண்டேன். விடியும்வரை திறக்கவில்லை.

திறந்தபோது அம்மா நாற்காலியில் இருந்தாள். கோட்டு அவள் மடியில். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி ஒரு நர்ஸ் வந்தா," என்றேன்.

"நர்ஸ் எமர்ஜென்சியிலதானே இருந்தா. லாரிக்காரங்க ரெண்டு பேரு, விரலெல்லாம் விறைச்சுப் போய்."

"அவ இல்லம்மா. வேற ஒருத்தி. அவளுக்கு ஒரு கண்ணு..."

"எந்தக் கண்ணு?"

நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. அதற்குள் கேட்டுவிட்டாள்.

"வலது."

அம்மா போர்வையின் ஓரத்தைச் சரி செய்தாள். சரியாக இருந்த ஓரத்தைத்தான் மறுபடி சரி செய்தாள்.

"நீ எங்கம்மா போன?"

"எங்கயும் போகல."

"கண்ணாடிக்கு வெளிய நின்ன. கையில காபி வெச்சிருந்த. என்னைப் பாத்த."

"மேரன். நான் இந்த நாற்காலிய விட்டு நகரல."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். உனக்குக் கார்ல போனாலே குமட்டும், வாந்தி எடுத்துத் தையல் பிரியக் கூடாதென்று காதுக்குப் பின்னால் ஒரு மருந்துப் பேட்ச் ஒட்டினேன். ஸ்கோபோலமின் என்று பேர். வாந்தியை நிறுத்தும். ஆனால் அது மூளைக்குள் போகும். சிலருக்கு இல்லாத ஆள் தெரியும், அந்த ஆளோடு பேசவும் செய்வார்கள். வாய் காயும், கண் மங்கும், நேரம் குழம்பும். நீ புலம்ப ஆரம்பித்ததும் பிய்த்து எறிந்துவிட்டேன். என் தப்புதான்.

காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிய்த்துவிட்டதாகத்தானே சொல்கிறாள்.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றாள். "சொந்தப் பொண்ணுக்கு நானே மருந்து கொடுத்ததே வம்பு. இது வேற சேர்ந்தா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

நம்பினேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? போனில் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு காலத்தில் பிரசவ வலி மறக்க இதைத்தான் கொடுத்தார்களாம். ஆட்கள் தெரியுமாம், பூச்சிகள் தெரியுமாம். கண்ணின் நடுக் கறுப்பு விரிந்துவிடுமாம். அதைப் படித்தபோது ஒரு நொடி நின்றேன். அன்று காலை பாத்ரூம் கண்ணாடியில் முகம் பார்த்திருந்தேன். என் கண் இரண்டும் எப்போதும் போலச் சின்னப் புள்ளியோடுதான் இருந்தன. சரி, பேட்சைப் பிய்த்ததும் சரியாகியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அம்மாவுக்காக நானே காரணம் கண்டுபிடித்தேன். பாருங்கள்.

இன்று மத்தியானம் வேட் வந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வேட்டின் மனைவி எனக்காக உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்ட நெஃப்லா சூப் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறைக்கு வந்து அதைச் சூடாக்கினார்.

"எப்படி இருக்கு உங்கம்மா கைவரிசை? நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன். முழிச்சதுக்கப்புறம்தான் பேயெல்லாம் வந்துச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சொல்லாதே என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் வேட் வெளியாள் இல்லையே.

"என்ன பேயி?"

"அம்மா போட்ட மருந்துதான். ஸ்கோபோலமின்."

வேட் கரண்டியை நிறுத்தினார்.

"ஜனெலா? அந்த பேட்சையா? அவ அதை ஆஸ்பத்திரிக்குள்ளயே விட மாட்டா. ஒம்போது வருஷம் ஆச்சு அங்க அது நுழைஞ்சு. நான் ஒருதடவை பையில கொண்டு போனதுக்கு என்னை உண்டு இல்லனு பண்ணிட்டா. உனக்குப் போட்டது கிளைகோபைரோலேட். மறுநாள் போன்ல அவளே ஒண்ணொண்ணா சொன்னா."

"அதுவும் அதே மாதிரிதானே? வாய் காஞ்சுதே."

"வாய் காயும். ஏழெட்டு மணி நேரம்கூடக் காஞ்சு கிடக்கும். ரெண்டும் ஒரே குடும்பம்தான். ஆனா ஒரு வித்தியாசம்." தன் காலுறையைக் காட்டினார். "பூட்ஸோட என்னை என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டா. மூளையும் அப்படித்தான். சுத்திக் கொழுப்புல ஒரு சுவர் இருக்கு. ஸ்கோபோலமின் வெறுங்காலோட நைசா உள்ள போயிரும். கிளைகோ மேல ஒரு மின்னேற்றம் ஒட்டிகிட்டே இருக்கும், கழட்டவே முடியாத பூட்ஸ். அதனால வாசல்லயே நின்னுரும். எச்சிலை நிறுத்தும், இதயத்தைத் தட்டிவிடும். தலைக்குள்ள போகாது. பேய் காட்ட அதுக்குத் துப்பு கிடையாது."

"வேற ஏதாவது மருந்து...?"

"எழுந்திருக்கிறப்ப அரைமணி ஒருமணி உளறுவாங்க. நீ எப்பப் பாத்த?"

"ஒண்ணு நாப்பதுக்கு."

"நீ ஆறு மணிக்கே எழுந்துட்டியாமே." தோளைக் குலுக்கினார். "கெட்ட கனவா இருக்கும்."

சூப் கொதித்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

"பேட்சை ஏன் உள்ள விட மாட்டாங்க?"

"ரோண்டாவுக்கு அப்புறம்தான்."

"ரோண்டா யாரு?"

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். ரோண்டா கெஸ்லர். ஆபரேஷன் அறை நர்ஸ். அம்மாவுக்கு உயிர்த் தோழி. ஒரு புயல் நாளில் கார் நிறுத்தும் இடத்தில் வழுக்கி விழுந்தாள். தலையில் அடி. எழுந்து, சிரித்துக்கொண்டே உள்ளே வந்து வேலை பார்த்தாள். சாயங்காலம் தலைவலி என்றாள். ஒரு கண்ணின் கறுப்பு மட்டும் விரிந்திருந்தது.

"அன்னிக்கு அவ நாள் பூரா நோயாளிங்களுக்கு அந்த பேட்சை ஒட்டிட்டு இருந்தா. ஒட்டின விரலால கண்ணைத் தேச்சா போதும், அந்தக் கண்ணு மட்டும் விரிஞ்சிரும். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கூத்து அது. எனக்கே வந்திருக்கு. அதனால கண்ணு விரிஞ்சிருந்தா எங்களுக்கு மொதல்ல பேட்ச்தான் ஞாபகம் வரும். வேற யாராவது பாத்திருந்தா தலைய ஸ்கேன் பண்ணியிருப்பாங்க. ஒரு சொட்டுக் கண்மருந்து விட்டிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். பேட்ச் பண்ணின வேலைன்னா அந்தச் சொட்டுக்குக் கண்ணு சுருங்காது. நரம்பு நசுங்கினதா இருந்தா சுருங்கும். யாரும் விடல. 'பேட்ச்தான், கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு, சரியாயிரும்'னு அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"விடியக்காலையில கண்டுபிடிச்சாங்க. வயல் நடுவுல, கார்ல. இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சு. மண்டைக்குள்ள ரத்தம் கட்டி..."

"எந்தக் கண்ணு?"

வேட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வலது. ஏன்?"

"யாரு அனுப்பினது?"

அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவினார். துடைத்தார்.

"நான் அன்னிக்கு இங்க இல்லம்மா," என்றார்.

இருட்டுகிறவரை சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சூப்பைத் தொடவில்லை. மருந்து என் தலைக்குள் போகவில்லை. அது வாசலிலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் நாற்காலியில் இருந்தவள்... சரி, அவளை விடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றவள்?

எட்டு மணிக்கு அம்மா வந்தாள். பூட்ஸின் பனியைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"வேட் வந்தானா?"

"எனக்கு பேட்ச் ஒட்டினியாம்மா?"

கோட்டைக் கழற்றினாள். மாட்டினாள். மெதுவாக மாட்டினாள்.

"இல்ல."

"ரோண்டாவ வீட்டுக்குப் போகச் சொன்னது நீதானா?"

"நான்தான்."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஊசி வலிக்கும் என்று சொல்கிற அதே குரல். அந்தக் குரலைத்தான் நான் பதினாறு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா சுவரில் சாய்ந்து, வாசல் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு புயலுக்கும் ரோண்டா வருவாள் என்றாள். நடைக் கோடியிலிருந்து பூட்ஸ் சத்தம் வரும். 'பாரு ஜனெல், ரெண்டும் ஒண்ணா இருக்கா?' என்று கேட்பாள். அம்மா பதிலே சொன்னதில்லை. எதிர்ப் பக்கமாக நடந்துவிடுவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

"அன்னிக்கு ஒன்றரைக்குத்தான் போனேன் மேரன். ஒரே ஒரு காபிக்கு. சத்தியமா. திரும்பி வந்தா உன் பக்கத்துல உக்காந்திருக்கா."

"அப்ப நின்ன. கதவுகிட்ட."

"நின்னேன்."

"நான் பயந்துகிட்டு இருந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"உள்ள வந்திருக்கலாமே. கதவைத் திறந்தா போதுமே."

அம்மா பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தாள். வெளியே காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது. அவளுக்கும் அது கேட்டது. தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கவனித்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

"நான் உள்ள வந்திருந்தா, அவ உன்னை விட்டுட்டு என்கிட்ட வந்திருப்பா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அது தெரிஞ்சுமா வரல?"

"தெரிஞ்சதுனாலதான் வரல," என்றாள் அம்மா.